பருத்தி மானியமும் வாரதாரர் வெளியேற்றமும்: பாயின்செட் கவுன்டி, 1933–1936

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பருத்தி பயிரிட்ட வாரதாரர்கள் 1930களில் பெருமளவில் நிலத்தைவிட்டு வெளியேற்றப்பட்டனர். பொருளாதாரப் பெருமந்தமும் எந்திரப் பெருக்கமும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுவதுண்டு. ஆயினும் பருத்தி பறிக்கும் எந்திரம் வணிக அளவில் பரவியது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே. வேளாண் மானியம் வழங்கப்பட்ட முறையே வெளியேற்றத்திற்கு வழிவகுத்தது என்பதை ஆர்க்கன்சா மாநிலத்தின் பாயின்செட் கவுன்டியை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

1933 மே 12 அன்று நிறைவேறிய வேளாண்மைச் சீரமைப்புச் சட்டம், விளைச்சலைக் குறைத்து விலையை உயர்த்த முற்பட்டது. அவ்வாண்டு ஏறத்தாழ ஒரு கோடி ஏக்கர் பருத்திப் பயிர் உழுது அழிக்கப்பட்டது. அடுத்து வந்த 1934–35 ஒப்பந்தப்படி, பருத்தி நிலத்தில் 35 முதல் 45 விழுக்காடு தரிசாக விடப்பட வேண்டும். தரிசு நிலத்திற்கான வாடகையாக, அந்நிலத்தின் சராசரி விளைச்சலில் பவுண்டுக்கு மூன்றரை சென்ட் வழங்கப்பட்டது. பாதிவாரத்திற்கு உழுதவருக்கு இதில் பங்கில்லை. கூடுதலாக அளிக்கப்பட்ட ஒரு சென்ட் மட்டுமே வாரப்படி பிரிக்கப்பட்டது. ஆக, நிலவுடைமையாளருக்கு நான்கு சென்ட். வாரதாரருக்கு அரை சென்ட். அந்த அரை சென்ட்டும் உடைமையாளர் கை வழியாகவே வந்தது; முன்கடனுக்கு ஈடாக அது பிடித்துக்கொள்ளப்படுவதும் உண்டு.

ஒப்பந்தத்தின் 7ஆம் பிரிவு இங்கு நுணுகி நோக்கத்தக்கது. வாரதாரரின் வழக்கமான எண்ணிக்கையை 'இயன்றவரை' பேணுமாறு அது உடைமையாளரைக் கேட்டுக்கொண்டது. 'எண்ணிக்கை' என்பது ஆட்களைக் குறிக்குமா, வெறும் தொகையைக் குறிக்குமா? தொகைதான் எனில், ஒரு குடும்பத்தை விரட்டி வேறொன்றைக் குடியமர்த்தினால் ஒப்பந்தம் மீறப்பட்டதாகாது. இத்தகைய முறையீடுகள் முதலில் சென்றதோ நிலவுடைமையாளர் செல்வாக்கு மிக்க உள்ளூர்க் குழுக்களிடம். எதிராளியே நடுவராக அமர்ந்தார் எனலாம்.

1934 ஜூலையில் பாயின்செட் கவுன்டியின் டைரான்சா அருகே வெள்ளையர் பதினொருவரும் கறுப்பினத்தவர் எழுவரும் கூடித் தென்னக வாரதாரர் சங்கத்தைத் தொடங்கினர். நிறப் பாகுபாடு சட்டமாகவே நிலவிய மாநிலத்தில் இக்கூட்டு அரிய நிகழ்வு. ஹைராம் நார்கிராஸ் என்னும் பெருநிலக்கிழார் சங்கத்தினரை வெளியேற்றியபோது, சங்கம் 7ஆம் பிரிவைக் காட்டி நீதிமன்றம் சென்றது. ஒப்பந்தம் அரசுக்கும் உடைமையாளருக்கும் இடைப்பட்டது. வாரதாரர் அதில் தரப்பினர் அல்லர் என்ற அடிப்படையில் வழக்கு தோற்றது.

வாஷிங்டனிலும் இச்சொல்லே பிளவை உண்டாக்கியது. அதே வாரதாரரையே வைத்திருக்க வேண்டும் என ஜெரோம் ஃபிராங்க் தலைமையிலான சட்டப் பிரிவு பொருள்கொண்டது. 1935 பிப்ரவரியில் நிருவாகத் தலைவர் செஸ்டர் டேவிஸ், வேளாண் அமைச்சர் ஹென்றி வாலஸின் இசைவுடன் ஃபிராங்கையும் அவர்தம் துணைவர் சிலரையும் பதவிநீக்கம் செய்தார். களநிலையை ஆராய்ந்த மேரி கானர் மையர்ஸின் அறிக்கையும் வெளியிடப்படவில்லை.

1936 ஜனவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் மானியத்திற்கு நிதியளித்த வரியைச் செல்லாததாக்கியது. பின்வந்த திட்டங்களில் வாரதாரர் பங்கு உயர்ந்தது. ஆனால் வாரதாரருக்குப் பதிலாகக் கூலியாளை அமர்த்திய உடைமையாளர் தொகை முழுவதையும் தாமே பெற முடிந்தது. பலர் அவ்வழியையே தேர்ந்தனர்.