ஏறலாம், இறங்கலாம்: கேப் டவுன் நகரின் சிவப்பு பஸ்ஸும் அது கடந்து செல்லும் வரலாறும்

உலகின் பெரிய துறைமுக நகரங்கள் பலவற்றில் இன்று ஒரே காட்சியைக் காணலாம். மேற்தட்டில் கூரையில்லாத, இரட்டைத் தட்டு கொண்ட சிவப்பு நிற பஸ் வண்டிகள். ஒரு நாளுக்குரிய கட்டணத்தைச் செலுத்திவிட்டால் விரும்பிய தரிப்பிடத்தில் இறங்கலாம்; பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு, அடுத்து வரும் வண்டியில் மீண்டும் ஏறிக்கொள்ளலாம். காதில் பொருத்திக்கொள்ளும் கருவியில், தெரிவு செய்த மொழியில் ஊரின் கதை ஒலிக்கும்.

தென்னாபிரிக்காவின் கேப் டவுன் நகரிலும் இத்தகைய பஸ்கள் ஓடுகின்றன. கடலும் மலையும் கைகோத்து நிற்கும் அந்த நகரை அறிந்துகொள்ள அது ஒரு நல்ல வழி. ஆனால், அந்த பஸ் ஓடும் வீதிகளின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு 'ஏறலாம், இறங்கலாம்' என்ற சொற்கள் வேறொரு பொருளையும் தரும். இந்த நகரம், இறக்கிவிடப்பட்ட பின்னர் மீண்டும் ஏற முடியாமற் போனவர்களால் கட்டப்பட்டது. அவர்களுள் நம்முடைய கரைகளிலிருந்து கொண்டு செல்லப்பட்டவர்களும் இருந்தார்கள்.

துறைமுகம்

சுற்றுலா பஸ்ஸின் பயணம் வழமையாகத் தொடங்கும் இடம் விக்ரோறியா - அல்பிரட் துறைமுக முகப்பு. இன்று அங்கே உணவகங்களும் கடைத்தொகுதிகளும் நிறைந்திருக்கின்றன. 1860ஆம் ஆண்டில் விக்ரோறியா மகாராணியாரின் மகன் அல்பிரட், தமது பதினாறாவது வயதில், அலைதடுப்பு அணைக்கான முதற் கற்களைக் கொட்டி இந்தத் துறைமுக வேலையை ஆரம்பித்து வைத்தார். அதன்பின் கல்லுடைத்துச் சுமந்தவர்களுள் பெருந்தொகையானோர் சிறைக் கைதிகள்.

றொபன் தீவுக்குப் படகு புறப்படுவதும் இங்கிருந்துதான். நெல்சன் மண்டேலா தமது 27 ஆண்டுச் சிறைவாசத்தில் 18 ஆண்டுகளைக் கழித்தது அந்தத் தீவிலே. ஆனால், அத்தீவின் சிறை வரலாறு அவரோடு தொடங்கியதல்ல. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி, தனக்கு அடங்க மறுத்த ஆசிய அரசர்களையும் மதத் தலைவர்களையும் அங்கே சிறை வைத்தது. நாடு கடத்தப்பட்டவர்களை வைத்திருக்க அக்கம்பனி பயன்படுத்திய மற்றோர் இடம் எது தெரியுமா? நமது இலங்கை!

இன்றைய இந்தோனேசியாவின் மக்கசார் பகுதியைச் சேர்ந்த இஸ்லாமிய அறிஞர் ஷேக் யூசுப்பின் கதை இதற்குச் சான்று. ஒல்லாந்தரை எதிர்த்துப் போரிட்டுப் பிடிபட்ட அவரை 1684இல் இலங்கைக்கு நாடு கடத்தினார்கள். பத்து ஆண்டுகள் இங்கிருந்து நூல்கள் எழுதினார். மக்கா யாத்திரைக்குச் செல்வோரும் வருவோரும் இலங்கை வழியாக அவருடன் தொடர்பு கொள்வதைக் கண்டு கம்பனி அஞ்சியது. 1694இல் குடும்பத்தினரோடும் சீடர்களோடும் அவரைக் கேப் பகுதிக்கு அனுப்பியது. 1699இல் அங்கேயே அவர் காலமானார். தென்னாபிரிக்காவில் இஸ்லாத்தை வேரூன்றச் செய்தவராக அவர் இன்று போற்றப்படுகிறார்.

ஐந்து முனைக் கோட்டை

நகருக்குள் நுழைந்தால் நன்னம்பிக்கைக் கோட்டை. 1666இல் தொடங்கி 1679இல் நிறைவு பெற்றது. தென்னாபிரிக்காவில் இன்றும் நிலைத்திருக்கும் குடியேற்றவாதக் காலக் கட்டடங்களுள் மிகப் பழையது. யாழ்ப்பாணத்தவர் அதனை மேலிருந்து எடுத்த படத்தில் பார்த்தால் ஒரு கணம் திகைப்பர். ஐந்து கொத்தளங்களைக் கொண்ட அதே நட்சத்திர வடிவம்! ஒரே கம்பனி, ஒரே காலம், ஒரே கோட்டைக் கலை. 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பறித்த ஒல்லாந்தர், அங்கிருந்த கோட்டையை மாற்றி ஐங்கோணமாகக் கட்டிக்கொண்டார்கள்.

முன்பு கடல் இந்தக் கேப் கோட்டையின் அருகிலேயே இருந்தது. 1930களிலும் 40களிலும் புதிய துறைமுகம் தோண்டிய மண்ணைக் கொண்டு கரையைத் தூர்த்தார்கள். பஸ்ஸில் செல்வோர் இன்று காணும் அகன்ற வீதிகளும் உயர்ந்த மாடிகளும் ஒரு காலத்தில் கப்பல்கள் நங்கூரமிட்ட நீர்ப்பரப்பின் மீது நிற்கின்றன.

இரண்டு ஊர்களின் அரசியல் விதியும் நெடுங்காலம் ஒன்றாகவே நகர்ந்தது. பிரித்தானியர் கேப் பகுதியை 1795இலும், கொழும்பை 1796இலும் கைப்பற்றினார்கள். 1802இல் ஏமியன்ஸ் உடன்படிக்கையின்படி கேப் ஒல்லாந்தருக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது, இலங்கை கொடுக்கப்படவில்லை. 1806இல் கேப் மீண்டும் பிரித்தானியர் வசமாயிற்று. ஐரோப்பாவில் கையெழுத்திட்டவர்களுக்கு இவை கப்பற் பாதையின் இரு தரிப்பிடங்கள் மட்டுமே.

பெயர்கள் சொல்லும் கதை

கோட்டையிலிருந்து சிறிது தூரத்தில், கம்பனித் தோட்டத்தின் வாயிலில் நிற்கிறது அடிமைகள் விடுதி. 1679இல் கம்பனி தனது அடிமைகளை அடைத்து வைப்பதற்காகக் கட்டியது. பின்னர் அரசாங்க அலுவலகமாகவும் உயர் நீதிமன்றமாகவும் மாறியது, இன்று அரும்பொருட்காட்சியகம். வெண்ணிறச் சுவர்கள் கொண்ட அந்த அழகிய கட்டடத்தை பஸ்ஸிலிருந்து பார்ப்பவருக்கு, உள்ளே பல்லாண்டுகளாக மக்கள் இருட்டில் அடைபட்டுக் கிடந்தார்கள் என்பது புலப்படாது.

1652இல் யான் வான் ரீபேக் தலைமையில் ஒல்லாந்தர் இங்கு வந்திறங்கியபோது, இது கப்பல்களுக்கு நீரும் காய்கறியும் இறைச்சியும் வழங்கும் இடைத்தங்கல் நிலையமாக மட்டுமே திட்டமிடப்பட்டிருந்தது. தோட்டம் செய்யவும் மரம் வெட்டவும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். மண்ணின் மக்களாகிய கொய்கொய் இனத்தவரை அடிமைப்படுத்தக் கம்பனி அனுமதிக்கவில்லை. அவர்களிடமிருந்து கால்நடைகளை வாங்க வேண்டியிருந்தது. ஆகவே வெளியிலிருந்து அடிமைகள் இறக்கப்பட்டார்கள். 1652க்கும் 1808க்கும் இடையில் சுமார் 63,000 பேர் இவ்வாறு கொண்டுவரப்பட்டனர் என ஆய்வாளர் கணக்கிட்டிருக்கிறார்கள். கிழக்கு ஆபிரிக்கா, மடகஸ்கார், இந்தோனேசியத் தீவுகள் ஆகியவற்றோடு, இந்தியாவும் இலங்கையும் அவர்கள் புறப்பட்ட கரைகளாக இருந்தன. நான்கில் ஒரு பங்கினர் இந்தியத் துணைக்கண்டத்தவர்.

நமது கரைகளில் என்ன நடந்தது? 1659 முதல் 1661 வரை சோழமண்டலக் கரையில் போரினாலும் பஞ்சத்தினாலும் மக்கள் மடிந்துகொண்டிருந்தபோது, கம்பனி ஆயிரக்கணக்கானோரை விலைக்கு வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் கப்பலேற்றியது. பசிதான் அன்று அடிமை வணிகத்தின் தரகன். அவ்வாறு ஆசியக் கரைகளில் வாங்கப்பட்டவர்களுள் பலர், நாடு திரும்பும் கப்பல்களில் சென்ற கம்பனி உத்தியோகத்தர்களின் சொந்த 'உடைமை'களாகக் கேப்பில் இறக்கி விற்கப்பட்டார்கள்.

விற்பனைப் பத்திரங்களில் அவர்களின் சொந்தப் பெயர்கள் பெரும்பாலும் அழிந்துபோயின. ஆண்டவன் வைத்த பெயருக்குப் பதிலாக ஆண்டவர்கள் வைத்த பெயர்! வந்திறங்கிய மாதத்தின் பெயரோ விவிலியப் பெயரோ சூட்டி, பின்னால் ஊரைச் சேர்த்துவிடுவார்கள். 'வான் பெங்காலன்', 'வான் மலபார்', 'வான் கோரமண்டல்', 'வான் சைலோன்' என்று. 'வான்' என்பது ஒல்லாந்த மொழியில் 'இலிருந்து வந்த' என்று பொருள்படும். ஏப்ரல், செப்டெம்பர் என்ற குடும்பப் பெயர்கள் கேப் டவுனில் இன்றும் வழங்குகின்றன. வங்காளத்திலிருந்து வான் ரீபேக்கின் வீட்டுக்கு அடிமையாகக் கொண்டுவரப்பட்ட அஞ்செலா என்ற பெண், 1666இல் விடுதலை பெற்று, பின்னர் ஐரோப்பியர் ஒருவரை மணந்தார். தங்களை வெள்ளையர் என்று கருதிய ஆபிரிக்கானர் குடும்பங்கள் பலவற்றுக்கு அவரே மூதாட்டி.

அடிமைகள் விடுதிக்கு அண்மையில் உள்ள தேவாலயச் சதுக்கத்தில் 2008ஆம் ஆண்டு முதல் 11 கருங்கற் பாளங்கள் நிற்கின்றன. அவற்றுள் சிலவற்றில் அடிமைகளின் பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. பஸ்ஸிலிருந்து பார்த்தால் வெறுங் கற்களாகவே தோன்றும். இறங்கிக் குனிந்து படித்தால்தான் அவை பேசும்.

வண்ண வீடுகளும் கறியும்

குன்றின் சரிவில் மஞ்சளும் நீலமும் இளஞ்சிவப்புமாக வீடுகள் வரிசையாக நிற்கும் போ-காப் பகுதியைப் படம் எடுக்காத பயணி இல்லை. விடுதலை பெற்ற அடிமைகளும் அவர்களது சந்ததியினரும் வாழ்ந்த பகுதி இது. இங்குள்ள அவ்வல் பள்ளிவாசல், 1790களில் தோன்றிய, தென்னாபிரிக்காவின் முதற் பள்ளிவாசல். அதன் முதல் இமாம் துவான் குரு, திடோர் தீவின் அரச குடும்பத்தவர். றொபன் தீவில் கைதியாக இருந்தபோது குர்ஆனை நினைவிலிருந்தே எழுதியவர்.

இம்மக்களை 'கேப் மலாயர்' என்று அழைப்பார்கள். ஆனால், அவர்களின் முன்னோர் எல்லோரும் மலாய் மொழியினர் அல்லர். இந்தியரும் இலங்கையரும் ஆபிரிக்கரும் அந்தப் பெயருக்குள் ஒடுங்கிப் போயினர். சமையலறை மட்டும் மறக்கவில்லை. ஆபிரிக்கான்ஸ் மொழியில் 'கெர்ரி' என்று வழங்குவது நம்முடைய கறிதான். அந்த ஆபிரிக்கான்ஸ் மொழியின் பழைய எழுத்துப் பிரதிகள் சிலவும் இம்மக்களின் மதரசாக்களில் அரபு எழுத்தில் எழுதப்பட்டவை. பின்னாளில் ஒடுக்குவோரின் மொழியாக அறியப்பட்ட அது, ஒடுக்கப்பட்டோரின் அடுக்களையிலும் வளர்ந்தது.

வெறும் நிலம்

இனி, மேசை மலையை நோக்கி வண்டி ஏறும்போது பயணிகளின் கண்கள் 1,085 மீற்றர் உயரமான அந்தத் தட்டையான உச்சியையே தேடும். அதற்கு முன்னர் இறங்க வேண்டிய ஒரு தரிப்பிடம் உண்டு. அது ஆறாம் வட்டாரம்.

1867இல் நகரசபையின் ஆறாவது வட்டாரமாகப் பெயர் பெற்ற இப்பகுதியில் விடுதலை பெற்ற அடிமைகள், தொழிலாளர், சிறு வணிகர், யூதர், இந்தியர், ஆபிரிக்கர் எனப் பலரும் நெருங்கி வாழ்ந்தனர். 1901இல் பிளேக் நோயைக் காரணங் காட்டி ஆபிரிக்கர்களை முதலில் வெளியேற்றினார்கள். 1966 பெப்ரவரி 11ஆம் திகதி, குழுப் பிரதேசச் சட்டத்தின் கீழ், அது வெள்ளையருக்கு மட்டுமான பகுதியாகப் பிரகடனம் செய்யப்பட்டது. சேரி என்றார்கள், குற்றங்களின் கூடாரம் என்றார்கள். நகரின் நடுவே, மலையடிவாரத்தில், கடலை நோக்கிய நிலம் என்பதை மட்டும் சொல்லவில்லை. 1980களின் தொடக்கத்துக்குள் 60,000க்கும் மேற்பட்டோர் காற்றும் மணலும் வீசும் கேப் சமவெளிக்குத் துரத்தப்பட்டார்கள். புல்டோசர்கள் வீடுகளைத் தரைமட்டமாக்கின. பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் மட்டும் விட்டுவைக்கப்பட்டன.

பின்னர் நடந்ததுதான் விந்தை. வெள்ளையர் பெருமளவில் அங்கு குடியேறவில்லை. ஒரு தொழில்நுட்பக் கல்லூரியைக் கட்டினார்கள். எஞ்சிய நிலத்தின் பெரும்பகுதி பல பத்தாண்டுகளாகப் புல் மண்டிக் கிடந்தது. 'அந்த நிலத்தைத் தொடாதே' என்ற மக்கள் இயக்கம் அதனைக் காத்து நின்றது.

1994 டிசெம்பரில், பழைய மெதடிஸ்த தேவாலயம் ஒன்றில் ஆறாம் வட்டார அரும்பொருட்காட்சியகம் திறக்கப்பட்டது. அங்கே பொன்னும் இல்லை, வாளும் இல்லை. தரையில் விரிந்திருக்கும் பெரிய வீதிப்படம் ஒன்று. அதில் பழைய குடியிருப்பாளர்கள் தாம் வாழ்ந்த இடத்தைத் தேடித் தம் பெயரைத் தாமே எழுதியிருக்கிறார்கள். மேலே தொங்குபவை இடிக்கப்பட்ட தெருக்களின் பெயர்ப் பலகைகள். இடிப்பு வேலைக்குப் பொறுப்பாயிருந்த ஒருவரே அவற்றைப் பல ஆண்டுகள் தம் வீட்டில் ஒளித்து வைத்திருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

அப்பகுதியிலிருந்து அதிக தூரமில்லாத நகர மண்டபத்தின் மாடத்திலிருந்துதான் 1990 பெப்ரவரி 11ஆம் திகதி, விடுதலையான அன்றே, மண்டேலா மக்களிடம் பேசினார். 2004 பெப்ரவரி 11ஆம் திகதி, எண்பது வயதைத் தாண்டிய பழைய குடியிருப்பாளர் இருவருக்கு அவர் புதிய வீடுகளின் சாவிகளை வழங்கினார். பிரகடனம் செய்யப்பட்டு சரியாக 38 ஆண்டுகள்! ஆயினும், திரும்பி வந்தவர்களின் தொகை, துரத்தப்பட்டவர்களின் தொகைக்கு முன் மிகச் சிறியது. காத்திருந்தே கண்மூடியவர்கள் பலர். வெள்ளையர் ஆட்சி 1970இல் மாற்றிய பெயர் நீங்கி, 'ஆறாம் வட்டாரம்' என்ற பழைய பெயர் அதிகாரபூர்வமாகத் திரும்பி வருவதற்கே 2019ஆம் ஆண்டு வரை செல்ல வேண்டியிருந்தது.

வேலியும் திராட்சையும்

மலையின் மறுபுறம் செல்லும் மற்றொரு பாதையில் கேர்ஸ்ரன்பொஷ் தாவரவியல் பூங்கா இருக்கிறது. அங்கே காட்டு வாதுமைச் செடிகளின் அடர்ந்த புதர் ஒன்றைக் காட்டுவார்கள். 1660இல் வான் ரீபேக் நட்டுவித்த வேலியின் எச்சம் அது. இப்புறம் குடியேறியோர், அப்புறம் மண்ணின் மைந்தர். நிலத்தைப் பறித்துவிட்டு, அதற்கு உரியவர்களை வெளியே நிறுத்திய அந்த வேலியும் ஆறாம் வட்டாரப் பிரகடனமும் ஒரே சிந்தையின் இரு வடிவங்கள். இடைவெளி முந்நூறு ஆண்டுகள்.

இன்னும் சற்று அப்பால் கொன்ஸ்ரன்ஷியாத் திராட்சைத் தோட்டம். அதனை 1685இல் நிறுவிய ஆளுநர் சைமன் வான் டெர் ஸ்ரெலின் தாய்வழிப் பாட்டி இந்தியப் பெண்மணி. அவரது தந்தை அட்றியான், 1646இல் இலங்கையில் கண்டிப் படையினரால் கொல்லப்பட்டவர். நிறத்தின் பெயரால் மனிதரைப் பிரித்த ஒரு நாடு, இந்திய இரத்தம் கலந்த ஒருவரைத் தனது முன்னோடிகளுள் ஒருவராகக் கொண்டாடி வந்தது என்பது வரலாற்றின் எள்ளல்.

சுற்றுலா பஸ்ஸைக் குறை கூறுவதற்கில்லை. முன்பின் அறியாத ஊரில் திசை காட்டவும், களைத்தவரைச் சுமக்கவும் அது உதவுகிறது. ஆனால், சன்னலுக்கு வெளியே ஓடும் நகரம் கட்டடங்களின் நகரம். அவற்றைக் கட்டியவர்களின் நகரம் நடந்து செல்பவருக்கே தெரியும். உலகெங்கும் சிதறி வாழும் தமிழர்களுள் கேப் டவுனுக்குச் செல்வோரும் உள்ளனர். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். மலையுச்சிக்குப் போகும் அவசரத்தில் தேவாலயச் சதுக்கத்தையும் ஆறாம் வட்டாரத்தையும் தவறவிடாதீர்கள். தெருவை இடிக்கலாம், தெருவின் பெயரை ஒருவர் வீட்டுக்குள் ஒளித்து வைத்திருந்தால் அது ஒருநாள் வெளியே வரும் என்பதை அந்தப் பலகைகள் சொல்லும். ஊரை இழந்தவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள பாடம் வேறெந்தத் தரிப்பிடத்திலும் கிடைக்காது.