கட்டிலா, மாத்திரையா? சேத்துப்பட்டு சொன்ன பதில்

ஆஸ்பத்திரியில கட்டில் நூறு, வாசல்ல நிக்கிறவங்க ஆயிரம் பேர். யாருக்கு முதல்ல? இந்தக் கேள்விக்கு இன்னிக்கும் எல்லாரும் மண்டையை உடைச்சுக்கறாங்க. 1950-களில் சென்னையில சில பேர் கேள்வியையே மாத்திக் கேட்டாங்க: "கட்டில் நிஜமாவே வேணுமா?"

அப்பல்லாம் காசநோய்னா சானடோரியம்தான். தாம்பரத்துல 1928-ல் ஆரம்பிச்சது ஒண்ணு இருக்கு, ரயில்வே ஸ்டேஷன் பேரே 'தாம்பரம் சானடோரியம்'. நல்ல காத்து, ஓய்வு, சத்தான சாப்பாடு. ஆனா நாட்டுல நோயாளிகள் லட்சக்கணக்கில், கட்டிலோ ரொம்பக் கம்மி. அப்படியே இடம் கிடைச்சாலும், எங்க நெல்லிக்குப்பத்துல கரும்பு வெட்டுற ஒருத்தர் தாம்பரத்துல ஒரு வருஷம் படுத்துட்டா வீட்டுல உலை எப்படிக் கொதிக்கும்?

1956-ல் சேத்துப்பட்டுல ஒரு ஆய்வு மையம் தொடங்கினாங்க. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாலும் கூட்டு. பொறுப்பு டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ். 193 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் மாதிரி ரெண்டாப் பிரிச்சாங்க. ஒரு பாதி சானடோரியத்துக்கு, மறு பாதி வீட்டுக்கு. ரெண்டு பேருக்கும் அதே மருந்துதான். வீட்டுல இருந்தவங்களுக்குச் சாப்பாடும் கம்மி, ஓய்வும் கம்மி, வீடும் நெருக்கடி.

1959-ல் முடிவு வந்தது. ஒரு வருஷ முடிவில் நோய் அடங்கினவங்க சானடோரியத்துல 92%, வீட்டுல 86%. வீட்டுல வைத்தியம் பாத்ததால குடும்பத்துக்குக் கூடுதலா நோய் பரவவும் இல்லை. அப்புறம் என்ன, 1962-ல் வந்த தேசியக் காசநோய்த் திட்டமே வீட்டு வைத்தியத்தை நம்பித்தான் எழுந்தது. உலகமும் பின்னாடியே வந்தது.

ஆனா இங்கே ஒரு 'பக்' இருக்கு மக்களே. மருந்து இருந்தா சாப்பாடு கம்மியானாலும் குணமாகும்ங்கறதை, சாப்பாடே முக்கியமில்லைன்னு படிச்சுட்டோம். ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு, நோயாளி வீட்டுக்குச் சத்தான உணவுப்பொருள் கொடுத்தா, கூட இருக்கறவங்களுக்கு நோய் வர்றது கிட்டத்தட்ட 40% குறையுதுன்னு காட்டிச்சு. அரசு நோயாளிக்கு மாசம் 500 ரூபாய் உணவுக்குக் கொடுக்க ஆரம்பிச்சதே 2018-லதான்.

கட்டிலை மிச்சம் பண்ணது நியாயம்தான், அதனாலதான் எல்லாருக்கும் மருந்து எட்டிச்சு. கட்டிலோட சேர்த்து சோத்துத் தட்டையும் எடுத்துட்டோமே, அது நியாயமா? சொல்லுங்க.