வௌவாலைத் தூதுவிட்ட கவிஞர்: ஆசிரியர் குர்ரம் ஜாஷுவா

கல்வியின் பெருமைக்காக அப்பரடிகளால் பாடப்பெற்ற ஊர் நம் காஞ்சி மாநகர். பல்லவர் காலத்தில் இங்குக் கடிகை என்னும் பெரிய கல்விக்கூடம் சிறந்திருந்தது. கடம்ப குலத்து மயூரசர்மன் வேதம் பயில வந்தது இக்கடிகைக்கே என்று தாளகுண்டாக் கல்வெட்டு கூறுகின்றது. அக்கல்வியின் புகழை நாம் இன்றும் பேசுகின்றோம். ஆயினும் ஏர் பிடித்தவனும் தோல் பதனிட்டவனும் அவ்வாயிலைப் புறத்தே நின்று பார்த்தவர்களே என்பதையும் மறத்தல் ஆகாது.

நமது கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், அவ்வாறு புறத்தே நிறுத்தப்பட்ட மக்களிடையே தோன்றிய ஓர் ஆசிரியரின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்துகொள்ளுதல் நலம். அவர் தெலுங்கு நாட்டுக் கவிஞர். எனினும் நமக்கு அயலார் அல்லர். அவர் பிறந்த குண்டூர் மாவட்டமும் நம் ஊர் அன்று அடங்கியிருந்த செங்கற்பட்டு மாவட்டமும் 1953ஆம் ஆண்டு வரை ஒரே சென்னை மாநிலத்தைச் சேர்ந்தவை. அவரைத் தடுத்த வழக்கங்களே நம் பாட்டனாரையும் தடுத்தன. அவர் பெயர் குர்ரம் ஜாஷுவா.

ஜாஷுவா 1895ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 28ஆம் நாள் வினுகொண்டாப் பகுதியில் பிறந்தார். தந்தையார் யாதவ குலத்தவர். தாயார் தோல் தொழில் செய்யும் மாதிகர் குலத்தவர். தமிழ்நாட்டில் அருந்ததியர் எனப்படுவோரின் உறவு முறையினர் மாதிகர். குடும்பம் கிறித்தவ சமயத்தைச் சார்ந்தது. சமயம் மாறினும் சாதி விடவில்லை. பள்ளியிலும் தெருவிலும் இழிசொல் கேட்டே அவர் வளர்ந்தார்.

கவிதையில் அவருக்கு இளமையிலேயே பற்று மிகுந்தது. வடமொழி கற்றலன்றி அக்காலத்துத் தெலுங்குப் புலமை நிரம்பாது. ஆனால் அம்மொழியை அவருக்குக் கற்பிக்க முன்வருவோர் அரியர். ஜூபூடி ஹனுமச்சாஸ்திரி என்னும் பெருந்தகையார் அத்தடையைப் பொருட்படுத்தாது மேகசந்தேசம், இரகுவம்சம், குமாரசம்பவம் ஆகிய காளிதாசன் நூல்களை அவருக்குப் பாடம் சொன்னார். வினுகொண்டாவில் நடந்த அவதானப் பேரவை ஒன்றில் ஜாஷுவா தம் பாடல்களைப் படித்தபோது, தாழ்ந்த குலத்தானை அவைக்குள் விட்டது யார் என்று சிலர் சினந்து அவரை இழிவுபடுத்தினர். மற்றொருபுறம், இந்துப் புராணக் கதைகளைக் கவிதையாக்குகின்றார் என்று கூறிக் கிறித்தவ சபையினரும் அவரை விலக்கினர். இவ்வாறு இரு வாயில்களும் ஒருங்கே அடைக்கப்பெற்ற நிலையிலும் அவர் எழுதுவதை நிறுத்தினாரில்லை.

அவருடைய வாழ்க்கைத் தொழில் ஆசிரியப் பணியே. வினுகொண்டா மிஷன் பள்ளியில் அவர் முதலில் பெற்ற மாதச் சம்பளம் 3 ரூபாய். அவ்வேலையும் நிலைக்கவில்லை. 1915, 1916ஆம் ஆண்டுகளில் இராஜமகேந்திரபுரத்தில் ஊமைப்படக் கொட்டகையில் கதை சொல்பவராக இருந்தார். திரையில் படம் ஓட, அருகிருந்து கதையையும் உரையாடலையும் உரக்கப் படித்துக் காட்டுதல் அவ்வேலை. பின்னர்க் குண்டூரில் லூத்தரன் திருச்சபை நடத்திய ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சுமார் 10 ஆண்டுகள் பணியாற்றினார். 1928 முதல் 1942 வரை அரசாங்கத் தெலுங்குப் பண்டிதராக விளங்கினார். எந்த இலக்கியத்தைக் கற்கத் தகுதியற்றவர் என்று ஊரார் அவரைத் தள்ளினரோ, அவ்விலக்கியத்தையே எல்லாக் குலத்துப் பிள்ளைகளுக்கும் கற்பிக்கும் இருக்கையில் அவர் அமர்ந்தார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

பகலில் பாடம் சொல்லியவாறே அவர் காவியங்கள் பல இயற்றினார். 1932இல் வெளிவந்த 'பிர்தௌசி' அவருக்குப் பெரும்புகழ் தந்தது. பொன் தருவதாகச் சொல்லிக் காவியம் பாடச்செய்து, முடிவில் வெள்ளிக் காசு கொடுத்துப் பாரசீகப் புலவரை ஏமாற்றிய கஜினி மாமூதின் கதை அது. உழைத்தவனுக்கு உரிய கூலி மறுக்கப்படும் துயரத்தை அவர் பாடியது தற்செயலன்று. சுடுகாட்டைப் பற்றி அவர் பாடிய பாடல்கள் அரிச்சந்திர நாடக மேடையில் இடம்பெற்று, எழுத்தறியாத மக்களின் நாவிலும் நின்றன.

எனினும் அவர் பெயரை நிலைநாட்டிய நூல் 1941ஆம் ஆண்டு வெளிவந்த 'கப்பிலம்' ஆகும். கப்பிலம் என்னும் தெலுங்குச் சொல்லுக்கு வௌவால் என்பது பொருள். அந்திப் பொழுதில் பழங்கோயில்களின் கோபுரங்களிலிருந்தும் மண்டபங்களிலிருந்தும் வௌவால்கள் கூட்டமாகப் பறந்து செல்வதை இவ்வூர் இளைஞர்கள் கண்டிருப்பீர்கள். கருவறை வரை சென்று திரும்பும் அவ்வுயிரை யாரும் தடுப்பதில்லை. ஆனால் மனிதன் ஒருவன் வாயிலிலேயே தடுக்கப்படுகின்றான். இம்முரண்பாடே அந்நூலின் உயிர்நாடி.

தூது என்பது தமிழரும் நன்கறிந்த இலக்கிய வகை. நாரை, கிளி, நெஞ்சு, தமிழ் எனப் பலவற்றை நம் புலவர்கள் தூதுவிட்டுள்ளனர். காளிதாசனின் யட்சன் தன் காதலிக்கு மேகத்தைத் தூதுவிட்டான். ஜாஷுவா அம்மரபை நன்கு கற்றவர். கற்ற மரபைத் தம் மக்களின் வழக்கை எடுத்துரைக்கப் பயன்படுத்தினார். அவர் காட்டும் தலைவன் அருந்ததியின் வழிவந்த ஏழை. தன்னைப்போல் மற்றோர் அடிமையைப் பெற்று நாட்டிற்குத் தர விரும்பாமையால் அவன் மணமே செய்துகொள்ளாதவன். தூது அனுப்ப அவனுக்குக் காதலி இல்லை. தன் குடிசைக்குள் வந்த வௌவாலிடம் அவன் தன் துயரத்தைக் கூறி, அதனைக் காசி விசுவநாதரின் செவியில் உரைக்குமாறு வேண்டுகின்றான். தீக்குறி என்று உலகம் ஒதுக்கும் உயிரே ஒதுக்கப்பட்ட மனிதனுக்குத் தூதாகின்றது. அது பறந்து செல்லும் வழியில் தஞ்சை, ஹம்பி முதலிய இடங்களின் பழம்பெருமையையும் கவிஞர் பாடுகின்றார். இந்நாட்டின் வரலாறு தமக்கும் உரியது என்று உரிமையோடு கூறுபவர் போல அவர் அதனைச் செய்கின்றார்.

அந்நூல் தோன்றிய காலத்தை நோக்குக. 1936இல் திருவாங்கூர் மன்னர் கோயில் நுழைவுப் பிரகடனம் செய்தார். 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயர் தலைமையில் நம்மவர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றனர். ஆயினும் சென்னை மாகாணம் முழுவதும் கோயில் நுழைவைச் சட்டம் உறுதி செய்தது 1947இல்தான். இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் வழக்கு மன்றம் ஏறாத ஒரு முறையீட்டை ஜாஷுவா இலக்கிய மன்றத்தில் வைத்தார். இலக்கணப் பிழை காட்டி அதனைத் தள்ள எவராலும் இயலவில்லை. அவர் கற்ற கல்வியின் வலிமை அது.

சிறப்புகள் பின்னரே வந்தன. தெலுங்குப் புலவர்களின் பெருமதிப்புக்குரிய செள்ளபிள்ள வேங்கட சாஸ்திரியார், புலமைக்கு அடையாளமான கண்டபெண்டேரம் என்னும் காலணியைத் தம் கையாலேயே ஜாஷுவாவின் காலில் பூட்டினார். தீண்டத்தகாதவர் என்று அவையினின்று விலக்கப்பட்டவரின் அடியை, வைதிகக் குலத்து முதுபெரும் புலவர் தொட்டு அணிவித்த நிகழ்ச்சி அது. 1957 முதல் 1959 வரை சென்னை வானொலி நிலையத்தில் ஜாஷுவா நிகழ்ச்சித் தயாரிப்பாளராகப் பணிபுரிந்தார். 1964இல் ஆந்திர சட்ட மேலவை உறுப்பினரானார். அவ்வாண்டே 'கிறிஸ்து சரித்திரம்' என்னும் நூலுக்காகச் சாகித்திய அகாதமி விருது பெற்றார். அப்போது அவர் அகவை 69. 1970இல் ஆந்திரப் பல்கலைக்கழகம் 'கலாபிரபூர்ண' பட்டமும், இந்திய அரசு பத்மபூஷண் விருதும் அளித்தன. அடுத்த ஆண்டு ஜூலை 24ஆம் நாள் குண்டூரில் அவர் இயற்கை எய்தினார். அவருடைய மகளார் ஹேமலதா லவணம் குற்றப் பரம்பரையினர் எனப்பட்ட மக்களின் மறுவாழ்வுக்காகவும், ஜோகினி வழக்கத்தை ஒழிக்கவும் உழைத்து 2008இல் மறைந்தார். தந்தையார் பாட்டில் கேட்ட நீதியை மகளார் தொண்டில் தேடினார் எனலாம்.

இளைஞர்களே! 3 ரூபாய்ச் சம்பளத்திற்கும் பத்மபூஷண் விருதுக்கும் இடையே நிற்பவை அரை நூற்றாண்டு உழைப்பும் ஓயாத படிப்புமாகும். விருது கிடைத்ததால் ஜாஷுவா பெரியவரானார் என்று கருதற்க. விருது வருவதற்கு 23 ஆண்டுகளுக்கு முன்னரே 'கப்பிலம்' எழுதப்பட்டுவிட்டது. நமக்கு இல்லை என்று பிறர் பூட்டி வைத்த கல்வியையும் முழுமையாகக் கற்றல் வேண்டும். கற்றபின் அதனை நம் மக்களின் குரலாக்குதல் வேண்டும் என்பதே அவர் வாழ்வு தரும் பாடம். ஹனுமச்சாஸ்திரியார் ஒருவர் கதவைத் திறந்தமையால் ஒரு மகாகவி உள்ளே வர முடிந்தது என்பதையும் நினைவிற் கொள்க. நம் கழகம் இந்த 25 ஆண்டுகளாகச் செய்து வருவது அக்கதவு திறக்கும் பணியே. இங்குப் படித்து முன்னேறிய ஒவ்வொருவரும் தமக்குப் பின்வரும் ஒரு பிள்ளைக்கேனும் மாலை நேரத்தில் அமர்ந்து பாடம் சொல்வாராயின், இவ்வெள்ளி விழாவுக்கு அதனினும் சிறந்த காணிக்கை வேறில்லை.