லைட் ஸ்ட்ரீட் கான்வென்ட், பினாங்கு

மலேசியாவின் ஜார்ஜ் டவுனில் குழந்தை இயேசு சபைக் கன்னியர் 1852இல் தொடங்கிய கல்வி நிலையம். நாட்டின் மிகப் பழைய பெண்கள் பள்ளியாக அறியப்படுவது. 1859 முதல் லைட் ஸ்ட்ரீட்டில் கடலையொட்டிய பழைய அரசு மாளிகை வளாகத்தில் இயங்கியது.

வழிபாடு ஆலயத்துக்குள் முடிவதில்லை, அன்றாட வாழ்வையே இறைவனுக்குப் படைக்க வேண்டும் என்பது பவுல் ரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 12ஆம் அதிகாரம் வலியுறுத்தும் கருத்து. 17ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ரூவான் நகரில் குழந்தை இயேசு சபைக்கு வித்திட்ட நிக்கோலா பாரே, ஏழைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதை அதற்கான வழியாக்கினார். 1999இல் இவருக்கு அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது.

பினாங்கில் கன்னியரின் நாள் செபத்தோடு தொடங்கியது. பெரும்பகுதி வகுப்பறையிலும் அநாதை இல்லத்திலும் கழிந்தது. பெற்றோரற்ற குழந்தைகளுக்குச் சோறூட்டியதும், எழுத்தும் தையலும் கற்றுத் தந்ததும் அவர்களுக்கு வழிபாட்டின் தொடர்ச்சியே. பெண்கல்வி அரிதாக இருந்த துறைமுக நகரில் இது பெரும் துணிவு. பல இனச் சிறுமியரும் இங்கே ஒன்றாகப் படித்தார்கள். இப்பள்ளியின் உண்மையான பெருமை அதுதான்.

இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் வளாகத்தைக் கைப்பற்றினர். அங்கே சிறைவைக்கப்பட்ட அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் வீரர்கள் சுவரில் பெயர்களைக் கீறினர்.

பள்ளி தொடங்கிய ஆண்டில் பினாங்கு வந்த அன்னை மத்தில்து ராக்லோ 1854இல் சிங்கப்பூரிலும் 1872இல் ஜப்பானிலும் சபையின் பணியைத் தொடங்கினார். 1911இல் யோக்கோகாமாவில் மறைந்தார்.