மீன் தலைக்குக் கிடைத்த மேசை

தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்களை ரேஸ் கோர்ஸ் சாலைக்குச் சாப்பிட அழைத்துப்போனால், சட்டி நிறைய வந்து இறங்கும் மீன் தலைக் கறியைப் பார்த்ததும் கேட்பார்கள்: "இது மலையாளத்துச் சமையலா, நம்ம சமையலா?" என் சீன நண்பர்களுக்கு அந்தச் சந்தேகமே கிடையாது. அது தங்களுடையது என்றே நினைக்கிறார்கள். சிங்கப்பூரில் பிறந்து, இங்கேயே ஒரு கப்பல் நிறுவனத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். என்னைக் கேட்டால், சமைத்தவர் பெயரோடு, எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவர்களையும் சேர்த்துத்தான் அந்தக் கறியின் கதையைச் சொல்ல வேண்டும் என்பேன்.

கதை 1949ல் தொடங்குகிறது. ஜப்பானியர் போய் நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் வளர்த்த நாள்களை ஊர் இன்னும் மறக்கவில்லை. சோஃபியா சாலையில் எம்.ஜே.கோமஸ் என்ற கேரளத்துக்காரர் ஒரு சாப்பாட்டுக் கடை நடத்தினார். மீன் தலைக் கறியைக் கடைச் சாப்பாடாக முதலில் விற்றவர் என்று பெரும்பாலும் அவரைத்தான் சொல்கிறார்கள். கடைக்கு வந்த சீனர்களுக்கு மீன் தலை மேல் எவ்வளவு ஆசை என்பதை அவர் கவனித்திருக்கிறார். மீனோடு தலையும் புளிக்குழம்பில் கொதிப்பது கேரளத்துக்காரருக்கோ நமக்கோ புதிதல்ல. தலையை மட்டும் தனியாக, முழுசாக, ஒரு சட்டியில் வைத்து, அதற்கென்று விலை போட்டு விற்றதுதான் புதிது.

நம் வீடுகளில் தலைக்கு இருந்த இடத்தை நினைத்தால் இதன் பெருமை விளங்கும். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அவருக்கு நடுத்துண்டு. தலை குழம்போடு குழம்பாகக் கிடக்கும். கடைசியில் அப்பத்தாவோ அம்மாவோ பொறுமையாக உட்கார்ந்து எலும்பு எலும்பாகப் பிரித்துச் சாப்பிடுவார்கள். தலையில்தான் ருசி என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அதை விருந்தாளியின் இலையில் வைக்கக் கை வராது. சீனர் விருந்திலோ மீன் தலையும் வாலுமாக முழுசாகவே மேசைக்கு வரும். மரியாதைக்குரியவர் எங்கே உட்கார்ந்திருக்கிறாரோ, அந்தப் பக்கம் தலையைத் திருப்பி வைப்பார்கள். இந்த இரண்டு பழக்கங்களும் ஒரே கடையில் சந்தித்தபோது, நம் வீட்டில் அடுக்களைப் பக்கம் ஒதுங்கியிருந்த தலை மேசையின் நடுவுக்கு வந்துவிட்டது.

கோமஸ் தொடங்கியதைப் பின்னால் வந்தவர்கள் பெரிதாக்கினார்கள். 1969ல் அய்யாக்கண்ணு கிளாங் சாலையில் 'முத்துஸ் கறி' கடையைத் தொடங்கினார். 1974ல் செல்லப்பன் 'பனானா லீஃப் அப்போலோ'வைத் தொடங்கினார். இரண்டு கடைகளும் இன்று ரேஸ் கோர்ஸ் சாலையில் இருக்கின்றன. 1842லிருந்து அந்தப் பக்கத்தில் குதிரைப் பந்தயத் திடல் இருந்ததால் வந்த பெயர் அது. 1933ல் பந்தயம் புக்கிட் தீமாவுக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் தங்கிவிட்டது. இப்போது அந்தப் பெயரைச் சொன்னால் ஊர்க்காரர் யாருக்கும் குதிரை ஞாபகம் வராது, மீன் தலைதான் வரும். டெம்சி சாலையில் வீராசாமி நடத்திய 'சாமீஸ் கறி'யையும் சொல்ல வேண்டும். பழைய ராணுவக் குடியிருப்பு அது. மின்விசிறிக்குக் கீழே, திறந்த சன்னல் பக்கம் உட்கார்ந்து வாழையிலையில் சாப்பிடுவோம்.

எனக்கு மீன் தலையைச் சாப்பிடக் கற்றுக்கொடுத்தவர் ஒரு சீனர். எண்பதுகளில் என் மேலதிகாரி, ஹொக்கியன்காரர். சம்பள நாளன்று எங்கள் பிரிவு முழுவதையும் ரேஸ் கோர்ஸ் சாலைக்கு அழைத்துப்போவார். பரிமாறும் அண்ணன் அவரிடம் மலாயில் "பெசார், கெச்சில்?" என்பார், பெரிய தலையா, சின்னதா என்று. அவர் கையை அகல விரித்துக் காட்டுவார். அப்புறம் அண்ணன் என் பக்கம் திரும்பி, "தம்பி, வெள்ளைச் சோறா, பிரியாணிச் சோறா?" என்று தமிழில் கேட்பார். சட்டி வந்ததும் ஐயா யாரையும் கை வைக்க விடமாட்டார். கரண்டியின் விளிம்பைக் கண்ணுக்குக் கீழே மெல்லக் கொடுத்து, கன்னத்துச் சதையை உடையாமல் ஒரே துண்டாக எடுத்து, எங்களில் மூத்தவரின் இலையில் வைப்பார். அந்தச் சதை நூல் நூலாகப் பிரியாது, வெண்ணெய் மாதிரி வழுக்கும். பிறகு தலையைத் திருப்பி, மறுபக்கக் கன்னத்தை அன்றைக்கு யார் புதிதாக வேலையில் சேர்ந்தவரோ அவருக்கு. உதட்டையொட்டிய பசையான பகுதி, பிடரிச் சதை, மண்டையோட்டின் குழியில் கிடக்கும் கொழுப்பு என்று ஒவ்வொன்றையும் வரிசையாக எடுத்துக் காட்டுவார். கண் மட்டும் அவருக்கு. என் அப்பத்தா செய்த வேலையையேதான் அவரும் செய்தார். ஆனால் பத்துப் பேர் பார்க்க, நடு மேசையில், கொண்டாட்டமாகச் செய்தார். குழம்பை அள்ளிச் சோற்றில் ஊற்றி அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கொள்வதை மட்டும் எங்களைப் பார்த்து அவர் கற்றுக்கொண்டார்.

இந்தக் கறிக்குப் பெரும்பாலும் 'இக்கான் மேரா' என்று சந்தையில் சொல்லும் சிவப்பு ஸ்னாப்பர்தான். தலையே ஒரு கிலோவுக்கு மேல் நிற்கிற மீன் வேண்டும். அதற்குக் குறைந்தால் கன்னத்தில் சதை இருக்காது. செவுளைச் சுத்தமாக நீக்காவிட்டால் குழம்பு முழுக்கக் கவிச்சி அடிக்கும். நம் ஆள்கள் சமைக்கும்போது கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயம் வதக்கி, மீன் மசாலாவும் புளிக்கரைசலும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, வெண்டைக்காய், கத்தரிக்காய், தக்காளி போடுவார்கள். சில கடைகளில் அன்னாசியும் விழும். சீனர் சமைக்கும் கடைகள் பலவற்றில் தலையை முதலில் ஆவியில் வேகவைத்து, பிறகு தேங்காய்ப்பால் கூடிய, காரம் தணிந்த குழம்பை அதன் மேல் ஊற்றி மண்சட்டியில் கொடுப்பார்கள். சீன, மலாய் மரபுகள் கலந்த பெரனாக்கான் வீடுகளில் புளியோடு எலுமிச்சைப்புல்லும் பெலாச்சான் என்ற இறால் விழுதும் இஞ்சிப்பூவும் சேரும். வெந்தய வாசனை இல்லாத மீன்குழம்பு எனக்கு முழுசாகாது. ஆனால் ஆவியில் வெந்த தலையின் சதை உடையாமல் நிற்கிறதே, அந்த விஷயத்தில் சீனர் முறை நம்முடையதைவிட மேல் என்று ஒப்புக்கொள்கிறேன்.

இந்த ஊரின் கடைச் சாப்பாட்டில் இப்படிப் பிறந்தவை பல. நம் முஸ்லிம் கடைக்காரர்கள் சீனர்களின் மஞ்சள் மீ நூடுல்ஸை எடுத்துத் தக்காளிச் சாறும் மிளகாயும் போட்டுப் பிரட்டி மீ கோரெங் ஆக்கினார்கள். அந்தச் சிவப்பு மீ தமிழ்நாட்டிலும் கிடையாது, சீனத்திலும் கிடையாது. மிளகாய் நண்டும் அப்படித்தான். 1956 வாக்கில் செர் யாம் தியான் என்ற பெண்மணி, ஆவியில் அவித்த நண்டு அலுத்துப்போன கணவருக்காகத் தக்காளிச் சாஸில் நண்டைப் பிரட்டிப் பார்த்தார். பிறகு மிளகாயும் சேர்த்தார். தள்ளுவண்டியில் விற்றார், அறுபதுகளின் தொடக்கத்தில் 'பாம் பீச்' என்ற உணவகமாகக் கணவரும் மனைவியும் அதை வளர்த்தார்கள். பின்னால் ஹூய் கோக் வாய் என்ற சமையல் வல்லுநர் சம்பலும் முட்டையும் சேர்த்து அதை இன்னொரு வடிவத்துக்குக் கொண்டுபோனார். இன்று பெரும்பாலான கடைகளில் கிடைப்பது அந்த வகைச் சாறுதான்.

இந்தச் சமையலின் அடித்தளத்தில் இன்னும் சில கைகள் இருக்கின்றன. அவற்றை யாரும் எழுதுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம். கடையநல்லூர், தென்காசிப் பக்கமிருந்து வந்து குடியேறிய முஸ்லிம் குடும்பங்களின் பெண்கள் அம்மியில் மசாலா அரைத்துச் சந்தையில் விற்றார்கள். மீன் கறிக்கு என்றால் ஒரு பக்குவம், இறைச்சிக்கு என்றால் வேறு. வாங்க வந்தவர்களில் எல்லா இனத்தாரும் உண்டு. சீன வீட்டு அடுப்பில் கறி கொதித்ததற்கு அந்தப் பெண்களின் தோள்வலியும் காரணம். உணவகத்தின் பெயர்ப்பலகை நிலைக்கிறது. அம்மிக்காரிகளுக்குப் பலகையே இருந்ததில்லை.

1968, 69ல் அரசாங்கம் தெருவில் விற்றவர்களை எல்லாம் பதிவு செய்தது; சுமார் 18,000 பேர். 1986க்குள் அவர்களைக் குழாய்த் தண்ணீரும் சாக்கடை வசதியும் உள்ள உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றியது. சுத்தம் வந்தது, அது நல்லதுதான். அதோடு இன்னொன்றும் நடந்தது: மலாய்க்காரர், சீனர், தமிழர் கடைகள் ஒரே கூரைக்குக் கீழ் பக்கத்துப் பக்கத்தில் வந்தன. ஒரு மேசையில் நான்கு பேர் நான்கு கடைகளிலிருந்து வாங்கிவந்து உட்கார்ந்தார்கள். 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த அங்காடிப் பண்பாட்டைத் தன் பட்டியலில் சேர்த்தபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. அதே ஆண்டு ஏப்ரலில் கிருமித்தொற்றால் எல்லாக் கடைகளிலும் உட்கார்ந்து சாப்பிடுவது நின்றுபோய், ஜூனில்தான் திரும்பியது. அந்த வாரங்களில் மீன் தலை பிளாஸ்டிக் டப்பாவில் வீட்டுக்கு வந்தது. ருசி குறையவில்லை. கன்னத்தை எடுத்து வைக்கத்தான் எதிரே ஆள் இல்லை.

இப்போது கடைகளின் கவலை சமையல்காரர்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் அடுப்படிக்கு வருவதில்லை. 2023 செப்டம்பரிலிருந்து இந்திய உணவகங்கள் வேலை அனுமதிச்சீட்டில் இந்தியாவிலிருந்தே சமையல்காரர்களை வரவழைக்கலாம் என்று அரசாங்கம் வழிவிட்டிருக்கிறது. அப்படி வந்த ஓர் இளைஞரோடு தேக்கா பக்கத்துக் கடையொன்றில் பேசிக்கொண்டிருந்தேன். ஊரில் வஞ்சிரத்தையும் விராலையும் சமைத்துக் கை தேறியவர். "அண்ணே, இந்தத் தலைக் கறியை மட்டும் இங்க வந்துதான் கத்துக்கிட்டேன்" என்றார். சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டேன். அந்தக் கடையில் முப்பது வருஷமாக மீன் வெட்டிக் கொடுக்கும் சீனப் பெரியவரை நோக்கிக் கையைக் காட்டினார்.