மூளையுறைக் காய்ச்சல் (குழந்தைகளில்)

மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியிருக்கும் சவ்வுகளில் பாக்டீரியா தொற்றுவதால் வரும் நோய். கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வேறு. பச்சிளங்குழந்தைகளை ஈ. கோலை, கிளெப்சியெல்லா போன்ற கிருமிகளும், சற்று வளர்ந்தவர்களை நிமோகாக்கஸ், ஹிப், மெனிங்கோகாக்கஸ் ஆகியவையும் தாக்கும். பின்னவை மூன்றும் மூக்கு, தொண்டையில் தங்கி, இரத்தத்தில் கலந்து மூளையுறையை எட்டுகின்றன.

  மருந்து இல்லாத காலத்தில் இந்நோய் கண்ட குழந்தை பிழைப்பது அரிது. 1930களில் சல்ஃபா மருந்துகளும் அடுத்துப் பெனிசிலினும் வந்த பிறகே நிலைமை மாறியது.

இன்று மருந்துக்குக் குறைவில்லை, காலம்தான் வீணாகிறது. கைக்குழந்தைக்குக் கழுத்து விறைக்காமலே நோய் முற்றலாம். காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, கீச்சென்ற அழுகை, வலிப்பு, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். தூக்கி அணைத்தால் அழுகை அடங்காமல் கூடுகிறதா என்று பாருங்கள். அழாத நேரத்தில் குழந்தையை நிமிர்த்திப் பிடித்து உச்சிக்குழியைத் தொட்டால், அது புடைத்து இறுகியிருக்கலாம். மாந்தம், சீர் என்று வேர்கட்டும் தாயத்தும் தேடும் நேரம் இங்கே மிக ஆபத்தானது. பெரிய பிள்ளைகள் தலைவலி, வாந்தி, வெளிச்சக் கூச்சம் சொல்வார்கள். தாடை நெஞ்சைத் தொடாது. தோலில் கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தியும் மறையாத செம்புள்ளி இருந்தால் உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

தூத்துக்குடி, திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்தில் முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரை எடுப்பார்கள். 'கால் விழுந்துவிடும்' என்று பெற்றோர் மறுப்பதுண்டு. தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழேதான் ஊசி இறங்குவதால் அந்தப் பயம் வேண்டாம். நோய் இருந்தால், தெளிந்திருக்க வேண்டிய நீர் கலங்கி, சர்க்கரை குறைந்து, புரதமும் வெள்ளணுக்களும் பெருகியிருக்கும். மூளை அழுத்தம் கூடியிருந்தாலோ, குழந்தை அதிர்ச்சி நிலையில் இருந்தாலோ இச்சோதனையைத் தள்ளிவைக்கலாம். நுண்ணுயிர்க்கொல்லியைத் தள்ளிவைக்கக் கூடாது. பச்சிளங்குழந்தை அல்லாதோருக்குப் பெரும்பாலும் செஃப்ட்ரியாக்சோன், தேவையெனில் வான்கோமைசினும் சேர்த்துத் தருவார்கள். கிருமியைப் பொறுத்துச் சிகிச்சை ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரை நீளும். முதல் ஊசியோடு சேர்த்துத் தரும் டெக்சாமெத்தசோன், குறிப்பாக ஹிப் நோயில், செவித்திறன் இழப்பைக் குறைக்கிறது. காய்ச்சல் நாள்கணக்கில் மெல்ல மெல்ல முற்றியிருந்தால் காசநோய்க் கிருமியைச் சந்தேகிக்க வேண்டும். அதன் சிகிச்சை பல மாதங்கள்.

குணமான பிள்ளைக்குச் செவிச்சோதனை கட்டாயம். பேச்சு வராத வயதில் காது போனால் வீட்டில் யாருக்கும் உடனே தெரியாது.

ஹிப் கிருமியைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி, இந்திய அரசுத் திட்டத்தில் 2011 டிசம்பரில் முதலில் தமிழகத்திலும் கேரளத்திலும்தான் வந்தது. 6, 10, 14 வாரங்களில் போடப்படுகிறது. நிமோகாக்கஸ் ஊசி தமிழகத்தில் 2021 ஜூலையில் சேர்ந்தது. 6, 14 வாரங்களிலும் 9 மாதத்திலும் தவணை. இரண்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். பென்டாவேலன்ட் தவணை தவறியவர்கள் ஒரு வயதுக்குள் தொடங்கினாலும் மூன்றையும் போட்டு முடிக்கலாம்.