வெனெத்சியானோவ்: கண்டதை வரையக் கற்றுக்கொடுத்தவர்

1820களின் தொடக்கத்தில், ரஷ்யாவின் ட்வேர் மாகாணத்துச் சிற்றூரான சஃபோன்கோவோவில், ஒரு பண்ணை உரிமையாளர் தம் கதிரடிக்கும் கொட்டகையின் முன்சுவரை அறுத்தெடுக்கச் சொன்னார். கொட்டகை பழுதாகியிருக்கவில்லை. அதன் உள்வெளியையும் அங்கே விழும் வெளிச்சத்தையும் இருந்தபடியே வரைய வேண்டும் என்று அவருக்கு ஆசை, சுவர் மறைத்தது. அப்படி உருவான 'கதிரடிக் களம்' என்ற ஓவியத்தை முதலாம் அலெக்சாந்தர் பேரரசர் 3,000 ரூபிளுக்கு வாங்கிக்கொண்டார். கிடைத்த பணத்தை ஓவியர் தம் மாணவர்களுக்குச் செலவிட்டார். ரஷ்ய அன்றாட வாழ்க்கை ஓவியத்தின் தந்தை என்று போற்றப்படும் அலெக்ஸி கவ்ரிலோவிச் வெனெத்சியானோவ் அவர்தான்.

மாஸ்கோவில் 1780இல் பிறந்தவர். கிரேக்க வழிவந்த வணிகக் குடும்பம். தூரிகையைத் தொழிலாகக் கொள்ளும் துணிவு உடனே வரவில்லை. சென்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் நில அளவை வேலை பார்த்துக்கொண்டே, அக்காலத்தின் பெரிய உருவப்பட ஓவியர் பொரோவிகோவ்ஸ்கியிடம் பாடம் கேட்டார். 1808இல் கேலிச்சித்திர இதழ் ஒன்றைத் தொடங்கினார். உயர்குடிப் பெருமகன் ஒருவனைக் கிண்டல் செய்த படத்தால் அரசு அதைத் தடை செய்தது. 1811இல் கலைக்கழகம் அவருக்குக் கல்வியாளர் பட்டம் அளித்தது. அத்தோடு நின்றிருந்தால் நல்ல உருவப்பட ஓவியர்களுள் ஒருவர் என்ற அளவில் அவர் பெயர் முடிந்திருக்கும்.

1819இல் அரசுப் பணியை விட்டுச் சஃபோன்கோவோவில் குடியேறினார். அப்போது அவருக்கு வயது நாற்பதை நெருங்கியிருந்தது. எர்மிதாஜ் அரண்மனையில் பிரெஞ்சு ஓவியர் கிரானேயின் படைப்பு ஒன்றைக் கண்டது பெருந்திருப்பம். கப்புசின் துறவியரின் கோவில் உட்புறம், ஆழத்திலிருந்து பரவும் வெளிச்சம், அவ்வளவுதான் அதன் பொருள். வரைந்த பொருளைக் கையால் தொட்டுவிடலாம் என்று தோன்றும் அந்த உண்மை அவரைப் பிடித்துக்கொண்டது. கொட்டகைச் சுவர் அறுபட்டதற்கும் அதுவே காரணம். 'கதிரடிக் களம்' குறையற்ற படைப்பு என்று நான் சொல்லமாட்டேன். மனிதர்கள் வேலை செய்வதைவிட நிறுத்திவைக்கப்பட்டது போலத்தான் தெரிகிறார்கள். ஆனால் மரத்தளத்தின் பலகைகள் ஆழத்தை நோக்கி ஓடும் விதத்தையும், வெளிச்சம் இருளோடு கலக்கும் விதத்தையும் அதற்குமுன் எந்த ரஷ்ய ஓவியரும் இப்படிக் காட்டியதில்லை.

கை பழகிய பிறகு வந்தவை இன்னும் உயர்ந்தவை. 'உழுத வயலில், வசந்தம்' என்ற சிறிய ஓவியத்தில், வெறுங்காலோடு ஒரு குடியானவப் பெண் பலுகு பூட்டிய இரு குதிரைகளை நடத்திச் செல்கிறாள். கால் மண்ணில் பதிகிறதா, மிதக்கிறதா என்று ஐயம் எழும் நடை. படத்தின் ஓரத்தில், தரையில், அவள் குழந்தை. மேலே படத்தின் பெரும்பகுதியை நிறைக்கும் வானம். 'கதிரறுப்போர்' இன்னும் நெருக்கமானது. அறுவடையின் நடுவே தாயின் கையில் வண்ணத்துப்பூச்சிகள் வந்து அமர்ந்திருக்கின்றன. அவை பறந்துவிடாதபடி அவள் அசையாமல் இருக்கிறாள். அவள் தோளுக்குப் பின்னாலிருந்து மகன் எட்டிப் பார்க்கிறான். அரிவாள்கள் கையிலேயே இருக்கின்றன. உழைப்புக்கு நடுவே கிடைத்த ஒரு கணநேர ஓய்வு, அவ்வளவே. புராண வீரர்களும் ரோமப் பேரரசர்களும் மட்டுமே பெரிய ஓவியத்துக்கு உரியவர்கள் என்று நம்பிய காலத்தில், இதைத் தன்னளவில் முழுமையான பொருளாகக் கருதியவர் அவர்.

அவருடைய பள்ளியும் இந்தப் பார்வையில்தான் எழுந்தது. கலைக்கழகத்தில் மாணவன் முதலில் அச்சுப்படங்களையும் ஆசான்களின் கோட்டோவியங்களையும் பார்த்து ஆண்டுக்கணக்கில் நகலெடுக்க வேண்டும். வெனெத்சியானோவ் அந்த வரிசையை ஏற்கவில்லை. முதல் நாளிலிருந்தே எதிரே இருக்கும் உண்மைப் பொருளைப் பார்த்து வரை என்றார். எளிய வீட்டுப் பொருள்கள், பிளாஸ்டர் உருவங்கள், அறையின் மூலை, சன்னல். தூரம் செல்லச் செல்லக் கோடுகள் ஒடுங்கும் விதி. அதன்பின் மனித முகம். ரெம்ப்ராண்ட் போலவும் ரூபென்ஸ் போலவும் வரைய முயலாமல் இயற்கைக்கே கட்டுப்பட வேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் மாணவர் நிகிஃபோர் கிரிலோவ் 1827இல் பனிக்காலக் காட்சியை நேரில் பார்த்து வரைய விரும்பினார். கொள்கையைப் புரிந்துகொண்ட ஒரு வணிகர், தோஸ்னா ஆற்றங்கரையில் அவருக்காகக் கணப்பு வசதியோடு ஒரு சிறு கூடமே கட்டிக்கொடுத்தார். 'ரஷ்யப் பனிக்காலம்' அங்கே பிறந்தது.

இந்தப் பள்ளியில் பயின்றோர் 70க்கும் மேற்பட்டவர்கள். பலர் பண்ணையடிமைகள், மற்றவர்கள் ஏழைகள். தங்குமிடம், உணவு, வண்ணம் எல்லாம் ஆசிரியர் செலவு, கடன் ஏறியது. கலைக்கழகத்தில் கற்பிக்க இடம் கேட்டார், தரவில்லை. 1830இல் அரசவை ஓவியர் பட்டம் வந்தது, ஆசிரியர் பதவி வரவே இல்லை.

ஒன்றை மறைக்கலாகாது. அவரே பண்ணையடிமைகளை உடைய நிலக்கிழார். தம் பண்ணைக் குடியானவர்களுக்குப் பள்ளியும் மருத்துவ வசதியும் செய்து தந்தவர்தான், ஆயினும் உடைமையாளர். அவர் வரைந்த குடியானவர்களிடம் சாட்டையின் தழும்பைக் காண முடியாது. அழகுபடுத்திவிட்டார் என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. ஆனால் விலைக்கு விற்கப்பட்ட மனிதர்களின் முகத்தில் மாண்பைக் கண்டு எழுதியதும் அந்தக் காலத்தில் சிறிய செயல் அன்று. கவிஞர் தராஸ் ஷெவ்சென்கோவை அடிமைத்தளையிலிருந்து மீட்க உரிமையாளர் எங்கெல்ஹார்ட்டிடம் பேச்சு நடத்தியவர்களுள் அவரும் ஒருவர். 1838இல் 2,500 ரூபிள் கொடுத்து ஷெவ்சென்கோ விடுவிக்கப்பட்டார்.

கிரிகோரி சொரோக்காவுக்கு அது வாய்க்கவில்லை. அமைதியான ஏரிகளையும் மீன்பிடிக்கும் சிறுவர்களையும் வரைந்த இந்த மாணவரே பள்ளியின் மிகச் சிறந்த கலைஞர் என்பது என் எண்ணம். அவரை விடுவிக்குமாறு பண்ணையார் மில்யுகோவிடம் வெனெத்சியானோவ் வேண்டினார், பயனில்லை. பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்ட 1861 வரை சொரோக்கா அடிமையாகவே இருந்தார். பின்னர் குடியானவர்களின் நிலவுரிமைக் கிளர்ச்சியில் சிக்கி, கசையடித் தண்டனை பெற்று, 1864இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

அதைக் காண ஆசிரியர் உயிரோடு இல்லை. 1847 டிசம்பரில், ஓவியப் பணி ஒன்றுக்காக ட்வேர் நகருக்குச் சென்றபோது, சறுக்கலான இறக்கத்தில் குதிரைகள் மிரண்டு ஓட, பனிவண்டியிலிருந்து தூக்கியெறியப்பட்டு இறந்தார். அவர் அடக்கம் செய்யப்பட்ட ஊருக்கு இன்று அவர் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது: வெனெத்சியானோவோ.

ரஷ்ய ஓவியம் என்றதும் ரெப்பினிலிருந்து தொடங்கிப் பேசுகிறோம். அதற்கும் முன்னே போக வேண்டும் என்பதே என் வேண்டுகோள். கலைக்கழகம் இடம் தர மறுத்தவரின் மாணவர்கள் மொக்ரிட்ஸ்கியும் சர்யான்கோவும் பின்னாளில் மாஸ்கோ ஓவியப் பள்ளியில் ஆசிரியர்களானார்கள். மொக்ரிட்ஸ்கியிடம் ஷிஷ்கின் படித்தார். சர்யான்கோவின் வகுப்பில் இருந்தவர் பெரோவ்.